விருந்தின் எச்சம்

திருமணப் பந்தலுள் நுழைவோர் பலர். கடைசிப் பந்தி எழுந்தபின் கொல்லைப்புறம் சென்று பார்ப்போர் சிலர். அங்கே குவிந்து கிடப்பனவற்றை ஒருமுறையேனும் நின்று கவனித்தவர்க்கு, ஒரே நாளில் ஒரு குடும்பம் எத்துணைக் கழிவை உண்டாக்கிவிடக்கூடும் என்பது விளங்கும். பாதி உண்ட இலைகள், இரண்டு மிடறு பருகிக் கைவிடப்பட்ட சிறு தண்ணீர்ப் புட்டிகள், காகிதக் குவளைகள், வாடிய மலர்கள், அம்மலர்களைத் தாங்கி நின்ற பச்சை நிற நுரைக்கட்டிகள், அண்டாவின் அடியில் எஞ்சிய சோறு ஆகிய யாவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். தனித்தனியே இருந்தபோது அவற்றுள் பலவற்றுக்கு ஏதேனும் ஒரு பயன் இருந்தது. கலந்த பின் அவை வெறுங் குப்பையே.

சூழலுக்கு ஊறின்றி விழா எடுக்க வேண்டும் என்னும் விருப்பம் இன்று நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படுகின்றது. அழைப்பிதழிலேயே அதனை அச்சிட்டு அறிவிப்போரும் உளர். விருப்பம் நல்லதே. ஆயின், பிளாஸ்டிக் தட்டை நீக்கிவிட்டுப் பாக்கு மட்டைத் தட்டை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோரே பெரும்பாலர். எடையையும் எரிபொருளையும் கொண்டு கணக்கிட்டால், தட்டு அக்கணக்கின் கடைசி வரிகளுள் ஒன்றாகவே நிற்கின்றது. முதல் வரி விருந்தினர் பட்டியல். விழாவுக்குச் சில மாதங்கள் முன்னதாக, வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பெயர்களை எழுதும் அந்த மாலைப்பொழுதிலேயே கழிவின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக, 500 பேர் கூடும் ஒரு திருமணத்தைக் கொள்வோம். இவர்களுள் 400 பேர் அந்நகரத்தவர். காருக்கு நால்வர் வீதம் 100 கார்களில் வருகின்றனர். போக வர ஒவ்வொரு காரும் 20 கிலோமீட்டர் ஓடினால் மொத்தம் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் ஏறத்தாழ 133 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமிலவாயு உண்டாகின்றது. (எரிபொருளைவிட அதிலிருந்து எழும் வாயுவின் எடை மிகுதியாவது எவ்வாறு என்று வாசகர் ஐயுறலாம். எரிபொருளிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவதே அதற்குக் காரணம்.) ஆக, 300 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கரியமிலவாயு. இதே 400 பேரை 50 இருக்கைகள் கொண்ட 8 பேருந்துகளில் அழைத்து வந்தால், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 40 லிட்டர் டீசல் போதும். அதனால் உண்டாகும் கரியமிலவாயு 108 கிலோகிராம் அளவினதே. அஃதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

வெளியூரிலிருந்து வருவோர் கணக்கு இதனினும் வியப்பைத் தருவது. சென்னையிலிருந்து தில்லிக்கு விமானத்தில் வந்து திரும்பும் ஒரே ஒரு பயணியின் பங்கு, ஏறத்தாழ 300 கிலோகிராம் கரியமிலவாயு. நூறு கார்கள் உண்டாக்கியதை ஒரு விமானப் பயணி தனியே உண்டாக்கிவிடுகின்றார். ஆகவே, மணமக்களும் விருந்தினருமாக வேற்றூருக்குப் பறந்து சென்று மணம் நடத்தும் புதுவழக்கத்தை எத்தனை இலைத் தட்டுகளாலும் ஈடு செய்தல் இயலாது. அவ்வழக்கம் சென்று சேரும் இடங்களும் பெரும்பாலும் மென்மையானவை. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உத்தராகண்ட மாநிலத்தின் ஔலி என்னும் இமயமலைப் புல்வெளியில் இரு பெருந்திருமணங்கள் நடைபெற்றன. சூழலுக்கு நேரக்கூடிய ஊறைக் கருதி, 3 கோடி ரூபாயை வைப்பாகச் செலுத்துமாறு அம்மாநில உயர் நீதிமன்றம் பணித்தது. விழா முடிந்தபின் அங்கிருந்து பல டன் கழிவு அகற்றப்பட்டது.

தொலைவிலுள்ள உறவினரை அழைத்தலாகாது என்பது இதன் பொருளன்று. ரயிலில் வர அவர்களுக்கு வாய்ப்பளித்தல் வேண்டும். ரயில்வேயின் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதற்கும் ஒரு மாதம் முன்னதாக நாளைத் தெரிவித்துவிட்டால் பலர் ரயிலிலேயே வந்து சேர்வர். பதினைந்து நாட்களுக்கு முன் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு, உறவினர் விமானத்தில் வந்தனர் என்று குறை கூறுவதிற் பயனில்லை.

இனி உணவைப் பற்றிக் காண்போம். பட்டியலின் நீளம் தன் முழு விளைவையும் காட்டுவது இங்கேதான்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் நூற்றுக்கு 28 பங்கு உணவு விடுதிகள், சமையற் கூடங்கள் முதலிய உணவு வழங்கும் இடங்களில் வீணானது. ஒரு கிலோகிராம் நெல் விளைவதற்கு வயலுக்கு மழையாகவும் பாசனமாகவும் ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் சென்றாக வேண்டும். இலையில் எஞ்சும் ஒரு பிடி சோற்றோடு அந்நீரும் வீணாகின்றது. குப்பைமேட்டுக்குச் சென்றபின் மற்றொரு தீங்கும் தொடங்குகின்றது. ஆழப் புதையுண்ட உணவு காற்றுப் படாமல் அழுகும்போது மீதேன் வாயு பிறக்கின்றது. நூறாண்டுக் கணக்கில் வெப்பத்தைத் தேக்கும் ஆற்றலில் இது கரியமிலவாயுவைப் போல் 28 மடங்கினது.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாசிரியரின் தமக்கை மகளுக்குத் தில்லியில் திருமணம் நடைபெற்றது. தாய்மாமன் என்ற முறையில் சமையற் பொறுப்பு இவரைச் சார்ந்தது. வருவோர் 450 பேருக்கு மேற்படமாட்டார் என்று இவர் கணக்கிட்டிருந்தார். பெரியப்பா அதற்கு இசையவில்லை. "தம்பி, சோறு மிஞ்சினால் ஒரு நாள் பேச்சு, குறைந்தால் ஆயுள் முழுதும் பேச்சு. அறுநூறு பேருக்கு உலை வைக்கச் சொல்" என்றார். அவ்வாறே வைக்கப்பட்டது. வந்தவர் 430 பேர். இரவு பதினோரு மணிக்கு இரண்டு அண்டாச் சோறும் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குழம்பும் எஞ்சி நின்றன. இரண்டு இல்லங்களுக்குத் தொலைபேசியிற் சொன்னோம். எப்போது சமைத்தது என்று கேட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு என்றதும் வேண்டா என்றுவிட்டார்கள். அவர்கள் மறுத்தது முற்றிலும் சரியே. மறுநாட்காலை அதனை வண்டியில் ஏற்றிய துப்புரவுப் பணியாளர், முதல் நாள் மாலையே தமக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். அதற்கு இவரிடம் விடையில்லை.

ஆயினும் பெரியப்பாவின் அச்சம் பொருளற்றதென்று ஒதுக்கிவிட முடியாது. விருந்தினர் முன் இலை காத்திருக்க நேர்வது நம் நாட்டின் எந்த மாநிலத்திலும் மானக்கேடே. 1960களில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில் அரசே இதில் தலையிட்டது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். விருந்துகளில் இத்தனை பேருக்கு மேல் உணவளித்தலாகாது என்னும் விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணைகள் அக்காலத்திலும் பின்னரும் பல மாநிலங்களில் பிறப்பிக்கப்பட்டன. தட்டுப்பாடு குறைந்ததும் அவை வழக்கொழிந்தன. பட்டியலைச் சட்டத்தால் குறைப்பது கடினம் என்றே தோன்றுகின்றது. பட்டியல் நீண்டாலும் அடுப்பைக் கட்டுப்படுத்த வழியுண்டு.

அவ்வழி, ஒரே உலையில் எல்லாவற்றையும் வைக்காமல் மூன்று முறையாகச் சமைப்பதாகும். எதிர்பார்க்கும் தொகையில் பாதிக்கு முதல் உலை. முதற்பந்தி அமர்ந்ததும் எழுந்த இலைகளையும் காத்திருக்கும் தலைகளையும் எண்ணி, அதற்கேற்ப இரண்டாம் உலை. மூன்றாம் உலைக்குரிய அரிசி களைந்து வைக்கப்படாமல் மூட்டையிலேயே இருக்க வேண்டும். காய்கறி நறுக்கப்படாமல் கூடையிலேயே இருக்க வேண்டும். அடுப்பு மூண்டிருக்குமாயின் சோறு வடிக்க ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே இயலும். அதற்குள் அடுத்த பந்திக்கு வேண்டியது கையிலிருக்கும். இம்முறைக்கு வேண்டியது ஒன்றே: ஒருவர் வாயிலில் நின்று எண்ணிக் கொண்டேயிருந்து, அரை மணிக்கு ஒருமுறை சமையற்காரரிடம் தொகையைச் சொல்ல வேண்டும். தமக்கையின் இளைய மகள் திருமணத்தில் இவ்வேலை கல்லூரியிற் படிக்கும் ஒரு பையனிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் உலைக்கென வாங்கிய அரிசி பிரிக்கப்படாமலேயே கடைக்குத் திரும்பிற்று. பெரியப்பா அன்றும் வந்திருந்தார். எந்த இலையும் காத்திருக்கவில்லை. ஆதலால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பண்டங்களின் எண்ணிக்கையையும் கவனித்தல் வேண்டும். பத்து வகைப் பண்டங்கள் இருப்பின் ஒவ்வொன்றையும் பெரும்பாலோர் உண்பர் என்று கணக்கிடலாம். நாற்பது வகை இருப்பின், எது எவ்வளவு செல்லும் என்று எவராலும் கூறவியலாது. எனவே ஒவ்வொன்றையும் குறைந்தது பாதிப் பேருக்காவது சமைக்கின்றனர். மனித வயிறோ நாற்பது வகைக்கும் ஒரே அளவினதே. நின்றுகொண்டே தாமே எடுத்துண்ணும் விருந்துகளில் இக்குறை பெருகுகின்றது. எல்லாவற்றையும் சுவைத்துப் பார்க்கும் ஆவலில் தட்டை நிரப்பிக்கொண்டு பாதியை விட்டுவிடுகின்றனர். அங்கே சிறு தட்டுகளை வைப்பதும், விலையுயர்ந்த பண்டங்களையேனும் ஒருவர் நின்று பரிமாறுவதும் பயன் தருவன.

இத்தனைக்குப் பிறகும் உணவு எஞ்சலாம். அதனைப் பிறர்க்கு அளித்தல் அறமே. ஆனால் அது காலத்தையும் வெப்பநிலையையும் பொறுத்த அறம். சமைத்த உணவில் 5 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள வெப்பநிலையில் நுண்கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி தனிக் கவனத்திற்குரியது. இதன் வித்துக்கள் கொதிநீரிலும் மடியாமல் தங்கி, சோறு ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. வாந்தியை விளைவிக்கும் இதன் நச்சுப் பொருள், மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, பரிமாறாத உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே மூடி வைத்து, விரைவில் கொடுத்தனுப்ப வேண்டும். பரிமாறிய உணவைக் கொடுக்கவே கூடாது. ஆறிய சோறு இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே கிடந்திருப்பின் அதனை எவர்க்கும் ஈதல் தகாது. ஏழையின் வயிறு நம் வயிற்றினும் வலியதன்று. எஞ்சிய உணவைச் சேகரித்து வழங்கும் அமைப்புகளுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2019இல் ஒழுங்குமுறைகளை வகுத்துள்ளது. இத்தகைய அமைப்பு ஒன்றிடம் விழாவுக்கு முன்னரே பேசி, இரவு இத்தனை மணிக்கு வருக என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நள்ளிரவில் தொலைபேசியைத் தேடுவதனால் விளைவது யாதென மேலே கண்டோம்.

தண்ணீரைப் பற்றிய கணக்கு எளிது. ஒருவர்க்கு மூன்று சிறு புட்டிகள் வீதம் 500 பேருக்கு 1,500 புட்டிகள் வேண்டும். ஒருவர்க்கு ஒரு லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும், 20 லிட்டர் கொண்ட 25 கேன்கள் அதே வேலையைச் செய்துவிடும். கேன்களோ மீண்டும் நிரப்பப்படுவன. வேண்டியவை எவர்சில்வர் குவளைகளும் அவற்றைக் கழுவ இருவரும். சிக்கிமில் லாச்சென் என்னும் மலைச் சிற்றூர் 2012இலேயே புட்டித் தண்ணீரை விலக்கிற்று. 2016இல் அம்மாநில அரசு தன் அலுவலகங்களிலும் அரசு விழாக்களிலும் அதனைத் தடை செய்தது. ஒரு சிற்றூர் தொடங்கியதை அரசு பின்பற்றியமை குறிப்பிடத்தக்கது.

இப்போது தட்டுக்கு வருவோம். 'ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்' என்னும் தொடரை அரசு ஆணைகளில் மொழிபெயர்க்கும் போதெல்லாம் இக்கட்டுரையாசிரியருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. வாழையிலையும் ஒருமுறை பயன்படுத்தி எறியப்படுவதே அன்றோ? எறிதல் இரண்டுக்கும் பொது. எறிந்த பின் நிகழ்வதிலேதான் வேறுபாடு. தெற்கில் வாழையிலை, ஒடிசா, ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் பகுதிகளில் ஆதிவாசிப் பெண்கள் சேகரித்துத் தைக்கும் சால மரத்து இலை, வேறு பல இடங்களிற் பலாச இலை என, நம் நாட்டின் ஒவ்வொரு நிலமும் தன் தட்டைத் தானே விளைவித்துக் கொண்டது. மூங்கிற் குச்சியால் தைத்த இலை சில வாரங்களில் மண்ணாகிவிடும். பசையின்றி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மட்டுமே உருவாகும் பாக்கு மட்டைத் தட்டும் அவ்வாறு மக்குவதே. எனினும், பாக்கிலுள்ள ஆல்கலாய்டுகள் உணவிற் கலக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்ததையும் இங்குக் கூறுதல் முறை. ஊரில் எளிதாகக் கிடைக்கும் இலையே நன்று என்பது இவர் கருத்து.

காகிதக் குவளையைப் பற்றிப் பலர் தவறாகக் கருதுகின்றனர். அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் மென்படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கின்றது. இல்லையேல் தேநீர் ஒழுகிவிடும். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய குவளையில் 100 மில்லிலிட்டர் சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதிற் கலப்பதாகக் கண்டனர். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கப்படுவனவற்றுட் பலவும் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் நிலவும் பெரிய உர ஆலைகளிலேயே உரியவாறு மக்குவன. கொல்லைக் குழியில் அவ்வெப்பம் நிலைத்து நிற்பதில்லை. இவை எல்லாவற்றினும் சிறந்தது, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எவர்சில்வர் தட்டே. ஓடும் குழாயின்கீழ்க் கழுவாமல், மூன்று தொட்டிகளில் வரிசையாக அலசினால் நீரும் பெரிதும் மிச்சமாகும்.

2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை விழா நடத்துவோர் ஒருமுறை படித்தல் நலம். பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சு குழல் ஆகியவற்றோடு, இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் மென்படலம், பலூன்களின் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மோகோல், 100 மைக்ரானுக்குக் குறைந்த பதாகைகள் ஆகியனவும் அதில் உள்ளன. தண்ணீர்ப் புட்டி அப்பட்டியலில் இல்லை. அதனை விலக்குவது நம் விருப்பத்தைப் பொறுத்தது.

ஒளியைப் பற்றிச் சில சொற்கள் போதும். 500 வாட் ஹாலோஜன் விளக்கு தரும் ஒளியை ஏறத்தாழ 100 வாட் எல்.இ.டி. விளக்குத் தந்துவிடும். இருபது விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் முன்னதற்கு 50 யூனிட், பின்னதற்கு 10 யூனிட். ஜெனரேட்டரில் 1 லிட்டர் டீசலுக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் கிடைப்பதால், இது ஏறத்தாழ 15 லிட்டருக்கும் 3 லிட்டருக்கும் உள்ள வேறுபாடாகும். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பதை யாவரும் அறிவர், நிறுத்துவோர்தாம் அரியர்.

இறுதியாக, கொல்லைப்புறம். உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேற்பட்டோர் கூடும் நிகழ்ச்சியைக் குறித்து உள்ளாட்சிக்கு மூன்று வேலை நாட்கள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்றும், கழிவை அங்கேயே பிரிக்க வேண்டும் என்றும் 2016இல் வெளியான திடக்கழிவு விதிகள் கூறின. அன்று துப்புரவுப் பணியாளர் கேட்ட கேள்வி இவ்விதியிலேயே அடங்கியிருந்தது. பிரித்தல் பெரிய கூட்டத்திலும் இயலும் என்பதற்கு, 2015இல் கேரளத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகள் சான்று. அங்கே எறியும் பாத்திரங்களை விலக்கிக் கழுவும் பாத்திரங்களைக் கொண்டு உணவளித்தனர். 'பசுமை நெறி' என வழங்கும் அம்முறை பின்னர் அம்மாநிலத்துத் திருமணங்களுக்கும் பரவிற்று.

இலையையும் எச்சிலையும் பூவையும் பிளாஸ்டிக் கலவாமற் சேர்த்து, ஈரத்தை ஈடு செய்ய இரு மடங்கு காய்ந்த சருகை இடையிடையே பரப்பிக் குழியில் இட்டால், சில நாட்களில் உள்வெப்பம் 55 டிகிரியைக் கடக்கும். வாரம் ஒருமுறை கிளறிக் காற்றுப் புகவிட்டால் மீதேன் மிகுதியாக உண்டாவதில்லை. இரண்டு மூன்று மாதங்களில் எரு கிடைக்கும். பூக்களைச் செருகி நிறுத்தும் பச்சை நிற நுரைக்கட்டி மட்டும் இட்டவாறே கிடக்கும். அது பீனால் பார்மால்டிஹைடு பிசினாலான பிளாஸ்டிக். மக்குவதில்லை, நொறுங்கித் துகளாவதே உண்டு. அலங்காரம் செய்வோரிடம் முன்பணம் கொடுக்கும்போதே அதனை விலக்கச் சொல்லி, பூக்களை நூலாற் கட்டவோ மணல் நிரப்பிய சட்டியில் நிறுத்தவோ ஏற்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும்.